திரைக்குப் பின்னால் நின்று பாடவில்லை

கவிதா கேட்டதால்தான் இதை எழுதுகிறேன். இப்போது புதுச்சேரியில் கல்யாண வரவேற்புகளில் பாடும் பெண்களில் நல்ல குரல் அவளுக்கு. போன மாதம் இங்கே சாரம் பகுதியில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தவள், காபியைக் குடித்துக்கொண்டே ஆரம்பித்தாள்.

"அக்கா, அந்த ரெட்டியார்பாளையம் கல்யாணத்துல என்னதான் நடந்துச்சு? ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க. நீங்க மைக்கத் தூக்கிப் போட்டுட்டுப் போயிட்டீங்கன்றாங்க. மேடையிலயே அழுதீங்கன்னும் சொல்றாங்க."

நான் மைக்கைத் தூக்கிப் போடவில்லை. அது எங்கள் குழுவை நடத்திய மாஸ்டருடைய மைக். அதைப் போட எனக்கு மனசு வராது. அழவும் இல்லை. ஆனால் கவிதா போன பிறகு யோசித்தேன். நானே எழுதாவிட்டால் இந்த இரண்டு பொய்களில் ஏதோ ஒன்றுதான் நிற்கும் என்று தோன்றியது.

மெல்லிசைக் குழுவில் பாடியவள் நான். எண்பதுகளின் தொடக்கத்தில் மேடை ஏறினேன். போன வருஷம்தான் இறங்கினேன். நான் பாடியவற்றில் பெரும்பகுதி எண்பதுகளின் சினிமாப் பாட்டுகள். அவற்றை நான் எழுதவில்லை, இசையமைக்கவில்லை, ஒலிப்பதிவுக் கூடத்தின் வாசலைக்கூட மிதித்ததில்லை. அதனால் எங்களை நகல் பாடகர்கள் என்பார்கள். ஒரு விழாவில், நான் மேடையில் இருக்கும்போதே, பேச வந்த ஒருவர் அப்படிச் சொன்னார். அடுத்தவர் சாப்பிட்ட இலையில் சாப்பிடுகிறவர்கள் என்றார். அவருக்கு அப்போதே பதில் சொல்லியிருக்கலாம். அவர் பேசி முடித்ததும் நான் பாட வேண்டியிருந்தது, பாடினேன். அவர் கால் தாளம் போட்டதைப் பார்த்தேன்.

ஒலிப்பதிவில் பாடியவர்கள் ஒரு பாட்டை ஒரு நாள் பாடிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விட்டார்கள். அவர்கள் பெரியவர்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தப் பாட்டைக் கோயில் திருவிழாவுக்கும் மஞ்சள் நீராட்டுக்கும் ஆயுத பூஜைக்கும் தூக்கிக்கொண்டு போனவர்கள் நாங்கள். படம் தியேட்டரை விட்டுப் போன பிறகும் பாட்டு போகாமல் பிடித்து வைத்திருந்தோம். அதற்காக நான் யாரிடமும் வெட்கப்படப் போவதில்லை.

என் அப்பா பஞ்சாலைத் தொழிலாளி. எங்கள் வீட்டில் யாரும் பாட்டு கற்றுக்கொண்டதில்லை. டீக்கடை ரேடியோவில் கேட்டதைப் பாடினேன், பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கினேன், மாரியம்மன் கோயில் திருவிழாப் போட்டி ஒன்றில் அந்துவான் மாஸ்டர் காதில் விழுந்தேன். என் பயிற்சி அவ்வளவுதான். மற்றதெல்லாம் மாஸ்டரிடம்.

மாஸ்டரின் அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்தவர். மாஸ்டருக்கும் அந்தக் குடியுரிமை இருந்தது. அண்ணன் தம்பியெல்லாம் பிரான்சுக்குப் போய்விட்டார்கள். இவர் ஆர்மோனியத்தை விட்டுப் போக மாட்டேன் என்று இங்கேயே இருந்துகொண்டார். பகலில் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா, சாயங்காலம் மாஸ்டர். நாங்கள் அவரை, பிரெஞ்சில் ஐயா என்பதுபோல, 'முசே' என்றுதான் கூப்பிடுவோம். மற்றக் குழுக்களில் 'ஒன், டூ, த்ரீ, ஃபோர்' என்று சொல்லிப் பாட்டை எடுப்பார்கள். எங்கள் மேடையில் பிரெஞ்சில் "அன், தே, த்ருவா" என்று மாஸ்டரின் குரல் மெதுவாகக் கேட்கும். நாலாவதைச் சொல்ல மாட்டார். அந்த இடத்தில் பாட்டு எழும்ப வேண்டும். எழும்பாவிட்டால் திட்ட மாட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அவர் கண்ணாடி துடைப்பதைப் பார்க்க எங்கள் குழுவில் யாருக்கும் தைரியம் கிடையாது.

புதுப் படத்தின் கேசட் வந்தால் நேரே அவர் வீட்டுக்கு வரும். முதலில் எல்லாரும் சும்மா கேட்க வேண்டும், கூடப் பாடக் கூடாது. பிறகு நான் வரிகளை எழுதிக்கொள்வேன். ஒரு வார்த்தை புரியாவிட்டால் திருப்பித் திருப்பிப் போட்டு நாடா இழுத்துக்கொள்ளும். அதை எடுத்துப் பென்சிலால் சுற்றி மறுபடி போடுவோம். பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவே வரும் இசையில் ஒலிப்பதிவில் ஒரு கூட்டமே வயலின் வாசித்திருக்கும். எங்களிடம் ஒரே ஒரு வயலின், ஒரு கீபோர்டு. எதை விடுவது, எதை வைப்பது என்று மாஸ்டர் முடிவு செய்வார். கேட்கிறவர்கள் எந்த இடத்தை வாயால் முணுமுணுப்பார்களோ அது கட்டாயம் இருக்க வேண்டும், மற்றது போனால் போகிறது என்பார்.

எனக்கு அவர் போட்ட சட்டம் ஒன்றுதான்.

"ராஜி, நீ பாட ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே அவங்க மனசுல அந்தப் பாட்டு ஓடிக்கிட்டிருக்கும். அதோட மோதாத. பல்லவியில உன் சொந்தச் சங்கதி எதுவும் வேணாம். கூட நட. ரெண்டாவது சரணத்துல அவங்களுக்கு வரி மறந்துபோயிருக்கும். அங்க நீ கையப் புடிச்சி கூட்டிட்டுப் போ."

என் வாழ்நாள் முழுக்க அப்படித்தான் பாடினேன். பெரும்பாலானவர்களுக்கு இரண்டாவது சரணம் தெரியாது. எனக்கு எல்லாப் பாட்டுக்கும் தெரியும்.

என் கணவரும் ஆலைத் தொழிலாளிதான். நான் மேடையில் பாடுவதில் அவருக்குப் பெருமை. மைக் சத்தம் கடைசி வரிசை வரைக்கும் கேட்கிறதா என்று பின்னால் நின்று கையை உயர்த்திக் காட்டுவார். தொண்ணூறுகளின் நடுவில் மஞ்சள் காமாலையில் போய்விட்டார். இரண்டு பிள்ளைகள், இருவரும் பள்ளிக்கூடத்தில்.

காரியம் முடிந்த பிறகு மாஸ்டர் வீட்டுக்கு வந்தார். என் அண்ணன் வாசலிலேயே அவரை மறித்துக்கொண்டு, "இனிமே எங்கங்க பாடறது, நாலு பேர் இன்னா சொல்லுவாங்க" என்றார். மாஸ்டர் என்னைப் பார்த்து, "எப்போ வர்ற?" என்று கேட்டார். வருகிறாயா என்று கேட்கவில்லை. அந்த ஒரு கேள்விக்காக அவர் பிறகு செய்ததையெல்லாம் என்னால் பொறுத்துக்கொள்ள முடிந்தது.

போனேன். பொட்டு வைத்துக்கொண்டுதான் போனேன். பிறந்த வீட்டில் அம்மா வைத்துவிட்ட பொட்டு அது, புருஷன் கொண்டுவந்து கொடுத்ததில்லை. அண்ணன் என்னோடு கொஞ்ச காலம் பேசவில்லை.

இனி அந்தக் கல்யாணம். இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. ரெட்டியார்பாளையத்தில் விழுப்புரம் சாலையை ஒட்டிய மண்டபம், சாயங்கால வரவேற்பு. மாப்பிள்ளை சேதராப்பட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்த பையன். அப்பா இல்லை, பெரியப்பாதான் முன்னின்று எல்லாம் செய்தார். அவர் ஆலையில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். என் கணவரை அவருக்கு நன்றாகத் தெரியும், அவர் போய்விட்டதும் தெரியும். அதனால்தான் வினையே வந்தது.

கடவுள் வாழ்த்து பாடி முடித்திருந்தோம். பெண்ணும் மாப்பிள்ளையும் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். அடுத்தது ஒரு ஜோடிப் பாட்டு. எண்பதுகளில் மழைக்காலம் முழுக்க எல்லாத் தெருவிலும் ஒலித்த காதல் பாட்டு. கூடப் பாடும் தம்பி மைக்கைச் சரி செய்துகொண்டிருந்தான். பெரியப்பா மேடை ஓரமாக வந்து மாஸ்டரை விட்டுவிட்டு என்னிடமே பேசினார்.

"தப்பா நெனைச்சிக்காதம்மா. நீ நல்லா பாடுவ, நானே எத்தினி தடவ கைதட்டியிருக்கேன். உன் வூட்டுக்காரரு எனக்குத் தெரிஞ்ச ஆளு. ஆனா பொண்ணு மாப்பிள்ளை உக்காந்திருக்கச்சே, நேர் எதிர்ல நீ நின்னு பாடறது... பெரியவங்க ரெண்டு பேரு மூஞ்ச சுளிக்கிறாங்க. வேற பொண்ணு யாராச்சும் பாடட்டும்."

"வேற பொண்ணு யாரும் வரலைங்க" என்றேன்.

அவர் மாஸ்டரைப் பார்த்தார். மேடையின் பின்பக்கம் சிவப்பு வெல்வெட் திரை தொங்கியது. அதன் மேல் தெர்மோகோலில் மணமக்கள் பெயர். "அந்தத் திரைக்குப் பின்னாடி நின்னு பாடட்டுமே. குரல் கேட்டா போதும்" என்றார் பெரியப்பா.

மாஸ்டர் வயர்களைச் சுருட்டச் சொல்வார், எல்லாரும் கிளம்பிவிடுவோம் என்று நினைத்தேன். அவர் கீபோர்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ராஜி, இன்னிக்கு ஒரு நாள் பின்னாடி நின்னு பாடிடு. குழுவுல இத்தினி பேர் வந்திருக்காங்க."

அவரை நான் குறை சொல்லவில்லை. தபலாக்காரர் வீட்டில் பெண் கல்யாணத்துக்கு நின்றாள். வயலின்காரருக்கு வேறு வேலை கிடையாது. முகூர்த்த சீசனில் ஒரு கச்சேரி கெட்டால் பத்துக் கச்சேரிக்குப் பேச்சு பரவும். எனக்கும் அது தெரியும். ஆனாலும் சொன்னேன்:

"முசே, இன்னிக்குப் பின்னாடி போனேன்னா நாளைக்கு என்னை முன்னாடி கூப்பிட ஆளிருக்காது. பாடினா இங்க நின்னு பாடறேன். இல்லன்னா வூட்டுக்குப் போறேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். அத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அதைப் பார்த்து எனக்குப் பயம் வரவில்லை. மைக்கை ஸ்டாண்டில் மாட்டிவிட்டு மேடையை விட்டு இறங்கினேன். தூக்கிப் போட்டதாகச் சொல்கிறார்களே, அது இதுதான்.

 தண்ணீர் குடிக்கச் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனேன். அங்கே மளிகைச் சாமான் வைக்கும் அறை வாசலில், நல்ல பட்டுப்புடவை கட்டிய ஓர் அம்மா தாம்பூலப் பைகளில் தேங்காய் போட்டுக்கொண்டிருந்தார். நெற்றியில் விபூதி மட்டும்.

"பாட்டு ஏன்ம்மா நின்னுபோச்சு? கரண்டு போயிடுச்சா?" என்று கேட்டார்.

"இல்லம்மா. நான் முன்னாடி நின்னு பாடக் கூடாதாம்."

"ஏன்?"

"வூட்டுக்காரர் இல்ல எனக்கு."

தேங்காயைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார். "யார் சொன்னா? பெரியவரா?"

தலையாட்டினேன்.

"நான்தான் புள்ளையப் பெத்தவ. சகுந்தலான்னு பேரு" என்றார்.  அங்கே மகன் மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருக்கிறான். அம்மா இங்கே தேங்காய் போட்டுக்கொண்டிருக்கிறார். "உங்க குழுவத்தான் வைக்கணும்னு புள்ள கிட்ட அடம் புடிச்சதே நானு. நானும் அவரும் அந்தக் காலத்துல உன் பாட்டுக் கச்சேரி எங்க நடந்தாலும் போவோம். சைக்கிள்ல போவோம். அந்த மழப் பாட்டு அவருக்கு உசுரு."

"அதைத்தான் பாட இருந்தேன்மா."

அவர் கையிலிருந்த தேங்காயைப் பைக்குள் போட்டார். பிறகு சிரித்தார். சந்தோஷமான சிரிப்பு இல்லை அது.

"ஒரு படம் வந்துச்சு பாரு அப்போ. தாலியறுத்த பொண்ணுக்கு ஒருத்தன் வந்து பொட்டு வெப்பான். நாங்க குடும்பத்தோட போனோம். இந்தப் பெரியவரு என் பக்கத்து சீட்டு. துண்டால மூஞ்சப் பொத்திக்கினு அப்படி அழுதாரு. மறுபடியும் ரெண்டு தரம் தனியாப் போய்ப் பாத்துட்டு வந்தாரு. தியேட்டர்ல எல்லாருக்கும் மனசு எளகுது. வெளிய வந்து செருப்ப மாட்டனதும் எங்க போவுதோ தெரியல."

அந்த மாதிரிப் படங்கள் அப்போது நிறைய வந்தன. சாதி விட்டுச் சாதி காதலித்தவர்கள் ஜெயிப்பார்கள், கைவிடப்பட்ட பெண் தலை நிமிர்ந்து நடப்பாள், தியேட்டர் முழுக்கக் கைதட்டும். அந்தப் படங்களின் பாட்டுகளைத்தான் நான் பாடினேன். அந்தக் கைதட்டல் பொய் என்று நான் இன்றைக்கும் நம்பவில்லை. அது உண்மைதான். ஆனால் அதைத் தியேட்டரிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டார்கள். சகுந்தலா அம்மா விடாமல் வைத்திருந்தவர்.

கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு எழுந்தார். "வா" என்றார். நான் பின்னாலேயே போனேன். நடு வழியாகவே நடந்தார், ஓரமாக இல்லை. நாற்காலிகளில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மேடை ஏறி மகன் பக்கத்தில் நின்றார். பெரியப்பா வேகமாக வந்தார்.

"சகுந்தலா, நீ எதுக்கு இங்க..."

"மாமா, எம் புள்ளைக்கு நீங்க செஞ்சதை நான் மறக்க மாட்டேன்" என்றார் அவர். குரல் உயரவில்லை. மைக் பக்கத்தில் நின்றதால் மண்டபத்துக்கே கேட்டுவிட்டது. "அவங்கப்பா போனதுக்கப்புறம் இவன் என் மூச்சுல வளந்தவன். தாலியில்லாதவ மூச்சு இவனுக்கு ஆகாதுன்னா, ஆகாத மூச்சுலயே இவ்ளோ பெரிய ஆளாயிட்டான். அந்தப் பொண்ணு நிக்கக் கூடாத இடத்துல நானும் நிக்கக் கூடாது. சொல்லுங்க, ரெண்டு பேரும் போயிடறோம்."

 மாப்பிள்ளை எழுந்தான். தான் உட்கார்ந்திருந்த அந்தச் சிங்காரித்த நாற்காலியைத் தன் அம்மா பக்கம் நகர்த்தினான். "உக்காரும்மா" என்றான். பிறகு கீழே இருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை வாங்கிப் போட்டு, அவன் அதில் உட்கார்ந்தான். மணப்பெண் தலையைக் குனிந்திருந்தாள், ஆனால் அந்த அம்மாவின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

மாஸ்டர் எழுந்து வந்தார். என் மைக் ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு போய் நட்ட நடுவில் வைத்தார்.  தன் இடத்துக்குப் போய், "அன், தே, த்ருவா" என்றார்.

பாடினேன். நன்றாகப் பாடினேனா என்று கேட்டால், முதல் வரியில் குரல் கொஞ்சம் தடித்திருந்தது. கோபம் தொண்டையில் இருந்தால் மேல் சுரம் தட்டும். இரண்டாவது சரணத்தில் சரியாகிவிட்டது. சகுந்தலா அம்மா முகத்தை நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் பாட முடிந்திருக்காது.

பெரியப்பா மண்டபத்துக்கு வெளியே போய் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். அவரோடு கொஞ்சம் பேர் சாப்பிடாமலே போனார்கள். அந்த சீசனில் எங்களுக்கு வர வேண்டிய கச்சேரிகள் பல வரவில்லை. தபலாக்காரர் வேறு குழுவுக்குப் போய்விட்டார்; போகும்போது என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. அது எனக்கு வலித்தது. ஆனாலும் திரும்ப அந்த நாளைக் கொடுத்தால் அதையேதான் செய்வேன்.

மாஸ்டர் அதைப் பற்றி என்னோடு பேசவே இல்லை. அடுத்த கல்யாணத்துக்குப் பேச வந்தவர்களிடம், "எங்க பாடகி வூட்டுக்காரரை இழந்தவங்க. முன்னாடி நின்னுதான் பாடுவாங்க. சம்மதம்னா வாங்க" என்று அவர் சொல்வதைக் கேட்டேன். அவர்கள் போன பிறகு உள்ளே போனேன்.

"முசே, நம்ம வயலின்காரருக்கும்தான் பொண்டாட்டி இல்ல. அதை எந்தப் பார்ட்டி கிட்டயாச்சும் சொல்றீங்களா?"

திகைத்துப் போய்ப் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். அதன்பின் யாரிடமும் என்னைப் பற்றி அவர் முன்னறிவிப்பு கொடுக்கவில்லை. கேட்டவர்களிடம், "பாட்டு நல்லாயிருக்குமான்னு கேளுங்க, சொல்றேன்" என்பார்.

பெரியப்பாவை ஒரு தடவை பெரிய மார்க்கெட்டில் பார்த்தேன். மீன் வாங்கிக்கொண்டு நின்றார். "இன்னும் பாடறியா?" என்றார். "பாடறேன்" என்றேன். அவர் மன்னிப்புக் கேட்கவில்லை, நான் எதிர்பார்க்கவும் இல்லை. மீன் பையை மாற்றிப் பிடித்துக்கொண்டு நடந்துவிட்டார்.

பிறகு காலம் மாறிற்று. இசை மட்டும் பதிந்த சி.டி. வந்தது, வயலினும் தபலாவும் இல்லாமலே கச்சேரி நடந்தது. மாஸ்டர் கடைசியில் தம்பியோடு இருக்கப் பிரான்சுக்கே போனார். நான் சி.டி.க்கும் பாடினேன். அது வந்ததும் பாட்டே செத்துவிட்டது என்று புலம்புகிறவர்களோடு எனக்கு ஒப்புதல் இல்லை. கவிதா அதை வைத்துக்கொண்டுதான் பாடுகிறாள், அழகாகப் பாடுகிறாள். நான் தடுமாறினால் சி.டி. எனக்காக நிற்காது, அவ்வளவுதான் வித்தியாசம். அதற்கும் பழகிக்கொண்டேன். முட்டிவலி வந்த பிறகுதான் விட்டேன். உட்கார்ந்துகொண்டு பாடலாமே என்றார்கள். எனக்கு அது வராது.

என் கடைசி மேடை சேதராப்பட்டில், தொழிற்சாலை ஒன்றின் ஆயுத பூஜை. வெயில் இன்னும் இறங்கவில்லை. முன்வரிசையில் எல்லாம் வேலை செய்யும் பையன்கள், பெண்கள். நான் பாடிய பாட்டுகள் வந்தபோது இவர்களில் யாரும் பிறந்திருக்க மாட்டார்கள். நிகழ்ச்சியை ஏற்பாடு செய்தவர், "பழைய பாட்டு ரெண்டு பாடிட்டு விட்டுடுங்கம்மா, பசங்க புதுசு கேப்பாங்க" என்று சொல்லியிருந்தார். மைக்கிலும், "இப்பொழுது ஒரு பழைய பாடல்" என்று அறிவித்தார்.

நான் மைக்கை வாங்கி, "பாட்டுன்னு சொன்னா போதும் சார்" என்றேன். கூட்டம் சிரித்தது. அவரும் சிரித்துவிட்டு இறங்கினார்.

பல்லவியில் சிலர் முணுமுணுத்தார்கள். முதல் சரணத்தில் கைதட்டல் சேர்ந்தது. இரண்டாவது சரணத்தை எடுத்தேன். கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போகலாம் என்று பார்த்தால், எனக்கு முன்னால் அவர்கள் போய்க்கொண்டிருந்தார்கள். வார்த்தை தப்பாமல், சீருடையில் நின்ற அத்தனை பேரும் பாடினார்கள். எந்த பஸ்ஸில் கேட்டார்களோ, எந்த வீட்டில் யார் பாடிக் கேட்டார்களோ, தெரியாது. 

இப்போதெல்லாம் கூட்டம் பாடினால் பாடகர்கள் மைக்கை அவர்கள் பக்கம் நீட்டிவிட்டுக் காதருகே கையை வைத்துக்கொண்டு நிற்பார்கள். ஏற்பாட்டாளர் கீழே நின்று எனக்கும் அப்படி ஜாடை காட்டினார். நான் நீட்டவில்லை. அவர்கள் சத்தத்துக்கு மேலே என் குரலை ஏற்றி, கடைசி வரியை நானே பாடி முடித்தேன்.